ஊசல் அச்சும் கமான் பட்டையும்: ஒரு பின்சக்கரக் கோளாற்றின் வரலாறு

வில் என்னும் சொல் போர்க்களத்திலிருந்து வண்டிப் பட்டறைக்கு வந்து சேர்ந்த கதை தனியே எழுதத்தக்கது. மாட்டு வண்டியின் அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் வந்தபோது, அவ்வண்டியை நம்மவர் வில்வண்டி என்றனர். லாரிப் பட்டறைகளில் இன்றும் வழங்கும் கமான் பட்டை என்ற தொடரில் உள்ள கமான் பாரசீகத்திலிருந்து வந்தது. அதற்கும் வில் என்றே பொருள். ஸ்பிரிங் என்ற ஆங்கிலச் சொல் துள்ளலைச் சுட்ட, நம் வழக்கில் உள்ள இரு சொற்களும் வளைவைச் சுட்டுகின்றன. வளைந்தது நிமிரும், நிமிர்ந்தது வளையும் என்ற எளிய இயல்பின் மீதுதான் கடந்த இருநூறு ஆண்டுகளாக மனிதர்கள் உட்கார்ந்து பயணம் செய்து வருகின்றனர்.

நாம் இங்கே பேச எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட வில்லைப் பற்றி. 1960களின் இந்தியச் சாலைகளில் ஓடிய உள்நாட்டுக் கார்கள் பெரும்பாலும் மூன்றே வகை. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முதலிரண்டின் பின்சக்கரங்களும் ஒரே இறுகிய அச்சில் கோக்கப்பட்டவை. மூன்றாவதில் மட்டும் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். பாடநூல்களின் அளவுகோலில் அதுவே மூன்றிலும் முன்னேறிய அமைப்பு. ஆயினும் 1970களின் தொடக்கத்தில், ஹெரால்டையே அடியாகக் கொண்டு அதே நிறுவனம் கெசல் என்ற காரை வெளியிட்டபோது, அந்த முன்னேறிய அமைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறுகிய அச்சுக்குத் திரும்பியது. தொழில்நுட்பத்தின் வரலாற்றை முன்னோக்கியே செல்லும் ஊர்வலமாக எண்ணிப் பழகிய நமக்கு இந்தத் திரும்புதல் சற்றே வியப்பளிப்பது. அதன் காரணத்தைத் தேடினால் வியன்னாவுக்கும் கோவன்ட்ரிக்கும் டெட்ராய்ட்டுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

*

1804இல் லண்டனைச் சேர்ந்த வண்டி செய்பவரான ஒபடையா எலியட், நீள்வட்டமாக அடுக்கிய எஃகுப் பட்டைகளுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டியிலிருந்து மோட்டார் காருக்கு மாறியபோது என்ஜின் புதிதாக வந்ததே தவிர, அடியில் இருந்த பட்டைகள் அப்படியே தொடர்ந்தன. இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே உருளையான அச்சு இணைத்தது. இதில் ஒரு தொல்லை உண்டு. இடப்பக்கச் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறினால் வலப்பக்கச் சக்கரமும் சாய்ந்துகொடுக்கும். அத்துடன், டிஃபரன்ஷியல் என்னும் கனத்த பற்சக்கரப் பெட்டி அச்சோடு சேர்ந்து குதிக்கும். சக்கரத்தோடு குதிக்கும் எடை கூடக்கூடப் பயணத்தின் சுகம் குறையும். டயரும் தரையை விட்டு எழும்பும்.

இதற்கு மாற்றாக எட்மண்ட் ரம்ப்ளர் 1903இல் காப்புரிமை பெற்ற அமைப்பைத்தான் ஆங்கிலத்தில் ஸ்விங் ஆக்ஸில் என்பர். நாம் ஊசல் அச்சு எனலாம். வியன்னாவில் பிறந்த ரம்ப்ளரின் எண்ணம் எளிமையானது. டிஃபரன்ஷியலை வண்டியின் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிவிட வேண்டும். அதன் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு அரை அச்சுகள் புறப்படும். ஒவ்வோர் அரை அச்சுக்கும் உள்முனையில் மட்டும் ஒரு மூட்டு இருக்கும். வெளிமுனையில் சக்கரம் அசையாமல் பொருந்தியிருக்கும். ஹன்ஸ் லெட்விங்கா 1923இல் வெளிவந்த டாட்ரா 11இல் இதனைக் கையாண்டார். பின்னர் ஃபோக்ஸ்வாகனின் வண்டுக் காரும் இதையே ஏற்றது. செலவு குறைவு, உறுப்புகள் குறைவு, கரடுமுரடான பாதையில் சக்கரம் தரையைப் பற்றியபடி ஏறியிறங்கும்: குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கைகளைச் சுவரில் பதிப்பதுபோல் வெளிப்புறம் நோக்கி நிமிர்த்திய ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்குத் தோள்மூட்டு அசையும், மணிக்கட்டு அசையாது. கைகளைத் தாழ்த்தினால் உள்ளங்கைகளின் அடிப்பக்கம் உடலை நோக்கி உட்புறம் மடங்கும். உயர்த்தினால் மேற்பக்கம் உட்புறம் சாயும். ஊசல் அச்சின் சக்கரங்களும் இவ்வாறே. வண்டியில் சுமை ஏறி உடல் தாழ்ந்தால் சக்கரங்களின் தலைப்பகுதி உட்புறம் சாய்கிறது. உடல் மேலெழுந்தால் அடிப்பகுதி உள்ளே மடங்குகிறது.

நேர்ச்சாலையில் இதனால் பெரிய கேடில்லை. வளைவில்தான் சிக்கல். வேகமாகத் திரும்பும் காரின் வெளிப்பக்கச் சக்கரத்தைச் சாலை உட்புறமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தரைமட்டத்தில் நிகழ்கிறது. மூட்டோ தரையிலிருந்து மேலே இருக்கிறது. ஆகவே அந்த விசை சக்கரத்தின் அடியை உள்ளே மடக்கி, காரின் பின்பகுதியை ஜாக்கி வைத்ததுபோல் மேலே தூக்க முனைகிறது. தூக்கத் தூக்கச் சக்கரம் மேலும் மடங்கும். மடங்க மடங்க டயரின் பிடி குறையும். இத்தருணத்தில் அச்சமுற்ற ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்பக்கம் நகர்ந்து பின்பகுதி இன்னும் எழும்புகிறது. வேகத்தைக் குறைப்பது என்ற விவேகமான செயலே வண்டியின் வாலைச் சுழற்றிவிடுகிறது. ஓட்டுநரின் இயல்புணர்ச்சியைத் தண்டிக்கும் இயந்திரம் என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

*

கோவன்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் ஹெரால்டை 1959 ஏப்ரலில் வெளியிட்டது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி; பொறியியலுக்குப் பொறுப்பேற்றவர் ஹாரி வெப்ஸ்டர். அக்காலத்தில் சட்டமும் உடலும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்ட கார்கள் பெருகிவந்தன. ஹெரால்டோ தனிச் சட்டத்தின் மேல் துண்டுதுண்டான உடற்பகுதிகளைப் போல்ட்டால் பூட்டிய கார். இதற்கு ஒரு வணிகக் காரணம் உண்டு. நிறுவனத்துக்கு உடற்கூடுகள் செய்துகொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. எனவே பல இடங்களில் செய்த சிறு பகுதிகளை ஓரிடத்தில் சேர்க்கத்தக்கதாகக் காரை வடிவமைக்க நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் நெருக்கடி இன்னொரு நாட்டுக்கு வசதியாக அமைந்தது என்றே சொல்ல வேண்டும். பகுதிகளாகக் கப்பலில் வந்திறங்கும் காரைச் சென்னையில் பூட்டுவது எளிது. படிப்படியாக உள்நாட்டிலேயே அப்பகுதிகளைச் செய்வதும் எளிது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961இல் 948 சி.சி. என்ஜினுடன் ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது.

அதன் பின்புறத்தில் ஒரே ஒரு பட்டைக் கட்டுதான் உண்டு. அம்பாசிடரில் உள்ளதுபோல் பக்கத்துக்கு ஒன்றாக நெடுக்குவாட்டில் கிடக்காமல், குறுக்குவாட்டில், டிஃபரன்ஷியலின் தலைமேல் இறுகப் பூட்டப்பட்டு, இரு முனைகளாலும் இரு சக்கரங்களைத் தாங்கி நிற்கும். ஏந்திய வில்லைப் படுக்கவைத்தது போன்ற தோற்றம். ஒவ்வொரு பக்கத்திலும் அரை அச்சு, அதன் உள்முனையில் ஒரு கிராஸ் ஜாயிண்ட், சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் ஒரு நெடுக்குத் தண்டு, ஒரு ஷாக் அப்சார்பர். இவ்வளவே.

*

இந்த அமைப்பில் எழும் கோளாறுகளை எவ்வாறு கண்டறிவது? பழைய மோட்டார் கார்களைப் பேணுவோர் கைக்கொள்ளும் முறை, ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் முறைக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஒரு பிழை ஏடெழுதியவனின் கைப்பிழையா, மூல நூலாசிரியனின் சொல்லேதானா என்று பிரித்தறிவதே பதிப்பாசிரியரின் முதற்கடமை. இங்கும் தேய்மானத்தால் வந்தது எது, பிறவியிலேயே வந்தது எது என்ற பாகுபாடுதான் அடிப்படை.

முதலில் காரைச் சமதரையில் நிறுத்திப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் பார்ப்பதில் பயனில்லை. தொங்கிய சக்கரங்கள் உள்ளே மடங்கியபடியே தரையில் ஊன்றி நிற்கும். டயரின் பிடி அவற்றை விரிய விடாது. சில அடி தூரம் முன்னும் பின்னும் உருட்டிய பிறகே வண்டி தன் இயல்பான நிலைக்குத் தாழும். இதை அறியாதவர்கள் நல்ல காரையும் கெட்டதென்று தீர்ப்பிடக்கூடும். உருட்டிய பிறகும், சுமையில்லாத காரின் இரு சக்கரங்களும் தலைப்பகுதி உட்புறம் சாய்ந்து, உடல் தாழ்ந்து காணப்பட்டால், குறுக்குப் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். டயரின் உட்புற ஓரம் மட்டும் வழுக்கையாவது அதன் துணைச்சான்று. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் பட்டையில் முறிவு உண்டா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது காதுக்குரிய வேலை. கிளட்சை விட்டுக் கார் நகரத் தொடங்கும் கணத்தில் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம். பின்பு ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மீண்டும் அதே சத்தம். பெரும்பாலும் கிராஸ் ஜாயிண்டின் தேய்மானம் அது. ஆனால் டிஃபரன்ஷியலைச் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர் புஷ்கள் நைந்தாலும் இதே சத்தம் வரும். எனவே சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கைபிரேக்கை விடுவித்து, அடியில் சென்று அரை அச்சைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். ஆட்டம் கிராஸில் தெரிகிறதா, பெட்டி முழுவதுமே அசைகிறதா என்பது அப்போது கண்ணுக்கே புலப்படும். வேகத்தோடு சேர்ந்து வளரும் உறுமல், வளைவில் சுமை மாறும்போது கூடியோ குறைந்தோ ஒலித்தால், ஐயம் சக்கர பேரிங்கின் மேல் விழ வேண்டும். ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டத்துக்குப் பேரிங்கும் காரணமாகலாம், சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்பின் அடியில் உள்ள புஷ்களும் காரணமாகலாம். ஒருவர் ஆட்ட, மற்றொருவர் அடியிலிருந்து பார்த்தாலன்றி இரண்டையும் பிரித்தறிய இயலாது.

நேர்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் கார் நழுவுவது இன்னொரு நோய். சக்கரத்தை முன்பின் பிடிக்கும் நெடுக்குத் தண்டின் புஷ்கள் நைந்தாலோ, தண்டு பூட்டப்பட்ட இடம் துருப்பிடித்தாலோ, பின்சக்கரமே சிறிது திசைதிரும்பிக் காரை ஓட்டத் தொடங்கிவிடும். ஸ்டீயரிங்கைக் குறைசொல்லி முன்பக்கம் முழுவதையும் பிரித்துப் போட்ட பிறகும் இக்கோளாறு அப்படியே இருக்கும். அறிகுறி முன்னால், நோய் பின்னால்.

இவையெல்லாம் தேய்மானங்கள், மாற்றினால் தீரும். ஆனால் இவை அனைத்தையும் சரிசெய்த பிறகும், ஒரு நாள் வளைவில் காலை எடுத்தவுடன் பின்பகுதி எழும்பி வால் வீசினால்? அங்கே எந்த உறுப்பும் பழுதாகவில்லை. எல்லா உறுப்புகளும் வரைபடத்தில் சொன்னபடியே நடந்துகொள்கின்றன. கோளாறு வரைபடத்தில் இருக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. தளர்ந்த பட்டையோடு தாழ்ந்து ஓடும் பழைய ஹெரால்டு டயரைத் தின்னும், பள்ளத்தில் அடிவாங்கும். ஆனால் வளைவில் எளிதில் மடங்காது. சக்கரங்கள் ஏற்கெனவே மறுபக்கம் சாய்ந்திருப்பதே காரணம். புத்தம்புதுப் பட்டையை மாற்றிக் காரைத் தொழிற்சாலை உயரத்துக்கு நிமிர்த்தினால், பழைய ஆபத்தும் கூடவே நிமிர்ந்துகொள்ளும். இங்கிலாந்தில் இவ்வகைக் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்கள் வேண்டுமென்றே பட்டையின் வளைவைக் குறைத்துக் காரைத் தாழ்த்தியது இதனால்தான். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக ஏறிய காரில் பட்டை வளைந்து உடல் தாழ்ந்தே இருக்கும்; ஓட்டுநர் தனியே செல்லும் வெற்றுக் காரே இந்த ஆபத்துக்கு மிக அருகில் இருப்பது.

*

ஊசல் அச்சைப் பற்றிய பெருவிவாதம் நடந்தது அமெரிக்காவில். ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிரிவு, எட் கோலின் முனைப்பில், 1959 இறுதியில் கோர்வேர் என்ற சிறு காரை வெளியிட்டது. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் என்ஜின் பின்புறம். எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் பின்சக்கரங்களின் மீது. அடியில் ஊசல் அச்சு. முன்டயர்களில் 15 பி.எஸ்.ஐ., பின்டயர்களில் 26 பி.எஸ்.ஐ. என்று காற்றை வெவ்வேறாக நிரப்பினால்தான் கார் சமநிலையில் திரும்பும் என்பது நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு டயர்களுக்கும் ஒரே அளவு காற்றடித்துப் பழகிய ஒரு நாட்டில் இப்படியொரு நுட்பத்தின் மேல் உயிரை வைத்தார்கள்.

விபத்துகள் நிகழ்ந்தன, வழக்குகள் தொடுக்கப்பட்டன. புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் எர்னி கோவாக்ஸ் 1962 ஜனவரியில் கோர்வேர் ஒன்றை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். 1964ஆம் ஆண்டு மாதிரியில் நிறுவனம் முன்புறம் ஒரு நிலைப்படுத்தும் தண்டையும் பின்புறம் சக்கர மடங்கலைத் தடுக்கும் குறுக்குப் பட்டையையும் சேர்த்தது. 1965ஆம் ஆண்டு மாதிரியில் ஊசல் அச்சையே கைவிட்டு, இரு முனையிலும் மூட்டுள்ள அரை அச்சுக்கு மாறியது. அவ்வாண்டு நவம்பரில்தான் ரால்ஃப் நேடரின் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயம் கோர்வேரைப் பற்றியது.

நேடரின் வாதத்தில் இலக்கிய வாசகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விபத்து அறிக்கைகளில் வழக்கமாக எழுதப்படும் வாக்கியத்தின் எழுவாய் யார் என்பதே அவர் எழுப்பிய வினா. ‘ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார்’ என்ற வாக்கியத்தில் காருக்கு இடமே இல்லை. பழுதான உறுப்பு எதுவும் அகப்படாதபோது பழி தானாகவே மனிதனின் மேல் போய் விழுகிறது. பழுதில்லாத உறுப்புகளே சேர்ந்து ஆபத்தை விளைவிக்கக்கூடும் என்று பொதுமக்களுக்குப் புரியவைத்தது அந்நூலின் சாதனை. நூலாசிரியரைத் துப்பறிவாளர்களைக் கொண்டு பின்தொடர்ந்த செயலுக்காக, நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச் 1966 மார்ச்சில் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு செப்டம்பர் 9 அன்று மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்டார். கோர்வேரின் உற்பத்தி 1969இல் முடிந்தது.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் நீதிக்கதையாகியிருக்கும். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையே சோதனைகள் நடத்தி, 1960 முதல் 1963 வரையான கோர்வேர்கள் அக்காலத்தின் ஒப்பிடத்தக்க பிற கார்களைவிட மோசமானவை அல்ல என்று 1972இல் அறிவித்தது. இரு தரப்பாரும் இன்றுவரை இதை வைத்து வாதிடுகின்றனர். நம் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று முற்றாக மறுப்பவை அல்ல. மற்ற கார்களும் அவ்வளவே என்பது கோர்வேருக்கு விடுதலை அளிக்கலாம். அந்தக் காலத்துக்கு அளிப்பதில்லை. வடிவமைப்பாளரைக் கேள்வி கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு என்பது அச்சட்டத்தால் நிலைபெற்றது. கோர்வேர் அதற்கான சந்தர்ப்பம்.

*

டிரையம்ஃப் நிறுவனமும் வாளாவிருக்கவில்லை. 1968இல் ஜி.டி.6 காரில் அரை அச்சின் வெளிப்புறத்தில் ரப்பர் மூட்டைச் சேர்த்தது. 1970இல் ஸ்பிட்ஃபயரின் நான்காம் மாதிரியில் இன்னும் எளிய வழியைக் கண்டது: பட்டைக் கட்டு முழுவதையும் டிஃபரன்ஷியலில் இறுக்காமல், அடிப்பட்டையை மட்டும் இறுக்கி மற்றவற்றை நடுவில் ஊசலாட விட்டது. கார் சாயும்போது பின்பட்டை முரண்டு பிடிக்காமல் சாய்ந்துகொடுக்க, மடங்கும் போக்கு வெகுவாகத் தணிந்தது. வில்லின் நாணைச் சற்றே தளர்த்திய வைத்தியம் எனலாம்.

சென்னையில் எடுத்த முடிவு வேறு. கெசலில் அரை அச்சுகளும் குறுக்குப் பட்டையும் போய், இறுகிய அச்சு வந்தது. ஊசல் அச்சு இந்திய மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் உவப்பாக இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அவர்கள் காப்புரிமை ஆவணங்களையோ செனட் விசாரணைகளையோ படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களின் கைகளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஹெரால்டின் பின்சக்கர பேரிங்கை மாற்ற வேண்டுமானால் சக்கரக் குடத்தை அச்சிலிருந்து பிரிக்க உரிய இழுவைக் கருவி வேண்டும். அது இல்லாத பட்டறையில் சுத்தியலும் நெருப்புமே கருவிகள். அவை அச்சையே கோணச் செய்யக்கூடியவை. அம்பாசிடரின் பட்டை முறிந்தால் வழியில் உள்ள எந்தக் கமான் பட்டறையிலும் ஒரு பட்டையைச் செருகிக்கொண்டு போகலாம். எவ்வூரிலும் பழுது பார்க்கத்தக்கது என்ற குணம் பொறியியல் பாடநூல்களின் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறுவதில்லை. சாலையில் நிற்பவனுக்கோ அதுவே முதற்குணம். கெசலின் அச்சை வெறும் பின்னடைவு என்று தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பாததற்கு இதுவே காரணம். சந்தையில் அது வெல்லவில்லை. மிகச் சில கார்களே உருவாகி, 1970களின் பிற்பகுதியில் உற்பத்தி நின்றுபோயிற்று. தோற்றது கார், அந்தத் தேர்வின் பின்னிருந்த அறிவு தோற்றதாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஊசல் அச்சும் அழிந்துவிடவில்லை. பயணிகள் கார்களிலிருந்து அது ஏறத்தாழ மறைந்தபோதிலும், அதை முதலில் கையாண்டவற்றுள் ஒன்றான டாட்ரா நிறுவனம் தன் கனரக லாரிகளில் இன்றும் அதனைக் காத்துவருகிறது. நடுவே முதுகெலும்பு போன்ற ஒரு குழாய், இருபுறமும் ஊசலாடும் அரை அச்சுகள். பாதையற்ற நிலத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே தரையைத் தேடிப் பற்ற வேண்டிய இடத்தில் அதற்கு ஈடு சொல்வது கடினம். 1986இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் இவ்வகை லாரிகளை இந்தியப் படைக்குச் செய்துகொடுக்கத் தொடங்கியது. மலைவழிச் சாலையில் தனியே காரோட்டிச் செல்பவனைக் கவிழ்க்கக்கூடிய அதே அமைப்பு, பாலைவனத்தில் பெருஞ்சுமையுடன் மெல்ல ஊர்ந்து செல்லும் லாரியைத் தாங்கி நிற்கிறது.

ஆகவே, ஒரு பழைய காரின் பின்புறத்தில் எழும் சத்தத்தைக் கேட்கும்போது, தேய்ந்தது எது என்ற கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. இது எந்தச் சாலைக்காக, எந்தச் சுமைக்காக, யாருடைய கைக்காகச் செய்யப்பட்டது என்றும் கேட்க வேண்டும். முதற்கேள்விக்கு மெக்கானிக் விடை சொல்வார். அடுத்ததற்கு வரலாற்றைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.